வாதியா, இலக்கா? நகைச்சுவைப் பேய்ப்படத் தொடர்களின் விளையாட்டு வடிவங்கள்: நீலகிரியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

திரைப்படம் வீடியோ விளையாட்டாகத் தழுவப்படும்போது கதைமாந்தரும் களமும் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மாறுவது பார்வையாளரின் நிலையே. பார்த்துக்கொண்டிருந்தவர் செயல்படுபவராகிறார். நகைச்சுவைப் பேய்ப்படங்களைப் பொறுத்தவரை இம்மாற்றம் இரு சிக்கல்களை எழுப்புகிறது. ஒன்று, அஞ்சி ஓடுபவனைக் கண்டு நாம் சிரிக்கிறோம். ஆட்டக்காரரோ அஞ்சாமல் வெல்ல முயல்கிறார். மற்றொன்று, படத்தில் தன் கதையைச் சொல்லும் பேய், ஆட்டத்தில் வீழ்த்தப்பட வேண்டிய இலக்காகச் சுருங்கிவிடக்கூடும். இவ்விரண்டையும் ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ தொடரின் விளையாட்டுகள் வழியாகவும், ஆட்டத்தின் வடிவத்தைத் தம் கதைக்குள் ஏற்ற தமிழ்ப் படங்கள் வழியாகவும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கோஸ்ட்பஸ்டர்ஸ்: மூன்று தழுவல்கள்

1984இல் படம் வெளிவந்த ஆண்டிலேயே ஆக்டிவிஷன் நிறுவனத்திற்காக டேவிட் கிரேன் முதல் விளையாட்டை உருவாக்கினார். ஆட்டக்காரர் 10,000 டாலர் முதலீட்டுடன் தொடங்கி, வண்டியும் கருவிகளும் வாங்கி, பேய்களைப் பிடித்துப் பணம் ஈட்ட வேண்டும். படத்தின் வசனங்களைவிட அதன் அடிப்படை வேடிக்கையான ‘பேய் பிடிப்பதும் ஒரு தொழில்தான்’ என்னும் கருத்தையே கிரேன் விதியாக்கினார். கதிர்களை ஒன்றோடொன்று குறுக்கிடவிட்டால் முயற்சி தோற்கும். படத்தில் எச்சரிக்கையாக வந்தது இங்கு ஆட்டக்காரரின் விரல்நுனி கவனமாகிறது. தழுவல் என்ற நோக்கில் இது நேர்த்தியான தீர்வு.

டெர்மினல் ரியாலிட்டி உருவாக்கிய 2009ஆம் ஆண்டு விளையாட்டு இதற்கு நேரெதிர் வழியில் சென்றது. டான் ஐக்ராய்ட், ஹெரால்ட் ராமிஸ் ஆகியோர் எழுத்துப் பணியில் பங்குகொண்டனர். முதன்மை நடிகர்கள் குரல் தந்தனர். ஆனால் ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரம் பெயரற்ற, பேசாத புதுப் பணியாளர். நகைச்சுவை முழுவதும் பிறர் வாயில் நிகழ, ஆட்டக்காரர் அதனைக் கேட்பவராகவே எஞ்சுகிறார். கருவியால் அளந்த பேய்களின் வரலாறுகள் ஒரு கையேட்டில் குறிப்புகளாகச் சேர்கின்றன. அவற்றைப் படிக்காமலும் ஆட்டத்தை வெல்லலாம் என்பது இங்கு முக்கியமானது. பேயின் துயரம் வெற்றிக்குத் தேவையற்ற செய்தியாகிவிடுகிறது.

2022இல் இல்ஃபோனிக் வெளியிட்ட ‘ஸ்பிரிட்ஸ் அன்லீஷ்ட்’ நால்வருக்கு எதிராக ஒருவர் என்ற அமைப்புடையது. அந்த ஒருவர் பேயாகவே ஆடலாம். பேயின் இடத்தில் மனிதரை நிறுத்திய இவ்வமைப்பு வரவேற்கத்தக்கது. எனினும் அங்கும் பேய்க்குச் செயல் உண்டு, காரணம் இல்லை. கட்டடத்தில் உள்ளோரை அச்சுறுத்துவதே அதன் குறிக்கோள்.

தமிழ்ப் பேயின் வழக்கு

தமிழ் மரபில் பேய் பெரும்பாலும் ஒரு வாதி. பழையனூர் நீலி தன்னைக் கொன்றவனை வேளாளர் அவையின் முன் நிறுத்துகிறாள்; தந்த வாக்கைக் காக்க எழுபதின்மர் உயிர் விடுகின்றனர். ராகவா லாரன்ஸ் இயக்கிய ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) ஆகியவை இம்மரபின் வெகுசனத் தொடர்ச்சி எனலாம். காஞ்சனாவில் கதை ஒரு விளையாட்டில்தான் தொடங்குகிறது. ஆளற்ற திடலில் கிரிக்கெட் ஆட அடித்த குச்சி, புதைக்கப்பட்ட உடலின் குருதியை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. முற்பகுதியின் சிரிப்பு, அஞ்சும் மகனையும் கோவை சரளாவின் தாயையும் சார்ந்தது. பிற்பகுதியில், மருத்துவமனைக்காக வாங்கிய நிலத்தைப் பறிகொடுத்துக் கொல்லப்பட்ட திருநங்கையின் கதை அச்சிரிப்பை நிறுத்துகிறது. இறுதியில் காஞ்சனா தெய்வத்திடமே முறையிடுவது நீலியின் அவையை நினைவூட்டுகிறது. முற்பகுதியை விளையாட்டாக்குவது எளிது. ஆனால் பிற்பகுதி இல்லாமல் அது காஞ்சனாவாக இராது.

இதற்கு மாறாக, சந்தானம் நடித்து எஸ். பிரேம் ஆனந்த் இயக்கிய ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ (2023) விளையாட்டையே கதையாக்கியது. புதுச்சேரி மாளிகையில் சிக்கியோர் பேய்கள் வகுத்த ஆட்டங்களை ஆட வேண்டும், தோற்றால் சாவு. ஆட்டவிதி தெளிவாக இருப்பதால் நகைச்சுவை கூர்மை பெறுகிறது. விதியைத் தவறாகப் புரிந்துகொள்பவனே இங்குக் கோமாளி. ஆனால் பேய்க்குக் கேட்கத்தக்க வழக்கு ஏதுமில்லை. அது ஆட்டத்தை நடத்தும் அலுவலர் மட்டுமே. ‘டெவில்ஸ் டபுள் நெக்ஸ்ட் லெவல்’ (2025) தலைப்பிலேயே விளையாட்டுச் சொல்லை ஏற்றது. அதன் நாயகன் திரைப்படம் ஒன்றினுள் சிக்கிக்கொள்கிறான். ஆட்ட வடிவம் சிரிப்பை வளர்த்தது, முறையீட்டை இழந்தது என்பது இங்குப் புலனாகிறது.

நீலகிரி மாளிகையில் யாருடைய பேய்?

இவ்விழப்பின் பொருளை நீலகிரி நன்கு உணர்த்தும். மூடுபனியும் தனித்த பங்களாவும் கொண்ட இம்மலை, பேய்க்கதைக்கும் விளையாட்டுக்கும் ஆயத்தக் களம். இந்திப் படமான ‘ராஸ்’ (2002) உதகையில் நிகழ்வது. அதில் வரும் ஆவி வஞ்சிக்கப்பட்ட காதலி. சுற்றுலா வந்த தம்பதியருக்கும் அந்த ஆவிக்கும் இடையே மலையின் மக்கள் பின்னணியாகவே நிற்கின்றனர்.

மலைக்கோ வேறு நினைவுகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் நடுவட்டத்தில் சீனக் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக உருவான அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இன்றும் அங்கு உள்ளன. குன்னூர் பங்களா ஒன்றை ஆட்டக்களமாக அமைக்கும் வடிவமைப்பாளர் விளக்கையும் படிக்கட்டையும் பனியையும் எளிதில் வரைந்துவிடுவார். அந்த பங்களாவுக்கு விறகு சுமந்தவரும் கொழுந்து பறித்தவரும் அவ்வாட்டத்தில் பேசுவார்களா என்பதே கேட்க வேண்டிய வினா. பேசாவிடில், காலனிய மாளிகையின் பயணி எதைப் பார்த்து வியந்தாரோ அதையே ஆட்டக்காரரும் பார்த்து அஞ்சுவார். இருவர் பார்வையிலும் தொழிலாளி இல்லை.

முடிவுரை

விளையாட்டு வடிவம் இயல்பிலேயே பேய்க்கு எதிரானது என்பதன்று இக்கட்டுரையின் முடிவு. தொழிலின் வேடிக்கையைக் கிரேன் 1984இல் விதியாக்க முடிந்ததெனில், முறையீட்டையும் விதியாக்க இயலும். பேயைச் சுடுவதால் முடியாத ஆட்டம், அதன் வழக்கைக் கேட்டுச் சான்று திரட்டி உரிய அவையில் வைப்பதால் முடியலாம். அஞ்சி ஓடுவதும் அங்குத் தோல்வியாகாமல், சிரிப்புக்கு இடம் தரும் ஒரு வழியாகலாம். தமிழ்த் தொடர்களைத் தழுவ முனைவோர் படத்திலிருந்து எடுக்க வேண்டியது பேயின் உருவத்தை மட்டுமன்று. அது திரும்பி வந்த காரணத்தையுமே. அக்காரணம் ஆட்டத்தை வெல்வதற்குத் தேவையானதாக அமையும்போதுதான் தழுவல் முழுமை பெறும்.