செவ்வாயில் யார் பெயரில் பட்டா?

செவ்வாயில் குடியேற்றம் அமைக்கும் வகுப்பறைச் செயல்திட்டம் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளை ஈர்க்கிறது. கணக்கில் தயங்குகிறவளும் அங்கே வீடு வரைய முன்வருகிறாள். ஆனால் அது 'ஆளில்லா நிலம்' என்றே தொடங்குகிறது.

ஜவ்வாது மலையில் அப்படித் தொடங்க முடியாது. காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்க்கிறது. சுற்றிலும் மலையாளிப் பழங்குடிகள். அவர்கள் புழங்கிய காட்டை அரசு ஒதுக்கிக்கொள்ள 1882 சென்னை வனச் சட்டம் வழிசெய்தது. 2006 வன உரிமைச் சட்டம்தான் உழுத நிலத்துக்கு உரிமை கோரவிட்டது. அதுவும் கணவன், மனைவி இருவர் பெயரிலும்.

அவர்கள் பிள்ளைகளுக்குக் குடியேற்றம் கற்பனையல்ல. பாடத்தை விலக்க வேண்டாம், கேள்விகளை மாற்றுவோம். அந்த நகரத்தில் நிலம் யார் பெயரில்? தண்ணீர் சுமப்பது யார்? பிள்ளைப்பேற்றை முடிவுசெய்வது யார்? பெண்பிள்ளைகளே முதலில் எழுதட்டும்.