வால்டன் குளக்கரையில் முன்பிருந்தவர்கள்

இயற்கை, எளிய வாழ்வு, மன மேம்பாடு என்று பேசுகிற புத்தகங்களை இப்போது பல தோழர்களின் வீட்டு அலமாரியில் பார்க்கிறேன். இவற்றுக்கெல்லாம் மூலப்பிரதி மாதிரி இருப்பது ஹென்றி டேவிட் தோரோவின் 'வால்டன்' (1854). எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். படித்த சூட்டோடு எங்க அம்மாவிடம் கதையும் சொன்னேன். "ஒருத்தரு காட்டுல குடிசை போட்டுக்கினு, டீ காப்பி இல்லாம, கறி இல்லாம ரெண்டு வருசம் தனியா இருந்தாரும்மா." அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுச்சு: "ஐயோ பாவம், யாரு வெரட்டி உட்டது?" யாரும் விரட்டவில்லை, அவராகத்தான் போனார் என்றேன். "அப்பத் திரும்பிப் போவ ஒரு வூடு இருந்திருக்கும்" என்றுவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டது.

அம்மாவின் அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தப் பிரதியை மறுவாசிப்பு செய்ய வேண்டியிருக்கிறது.

1845 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு ஊருக்கு வெளியே, குளக்கரையில் தோரோ குடியேறினார். நிலம் நண்பர் எமர்சனுடையது. பத்தடிக்குப் பதினைந்தடி வீடு. செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று சுத்தமாகக் கணக்கு எழுதியிருக்கிறார். பலகை எங்கிருந்து வந்தது? ரயில்பாதையில் வேலை செய்த ஐரிஷ் தொழிலாளி ஜேம்ஸ் காலின்சின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்தெடுத்தார். விடியற்காலை ஐந்து மணிக்குக் காலி செய்துவிட வேண்டும் என்பது பேச்சு. ஆறு மணிக்கு அந்தக் குடும்பம் ஒரே ஒரு மூட்டையோடு சாலையில் போவதைத் தோரோ பார்க்கிறார். எழுதவும் செய்கிறார். அதற்கு மேல் ஒன்றுமில்லை, நகர்ந்துவிடுகிறார்.

இன்னொரு இடம். மழைக்கு ஒதுங்கிய குடிசையில் ஜான் ஃபீல்டு என்ற ஐரிஷ்காரர் இருக்கிறார். ஏக்கருக்கு 10 டாலர் கூலிக்குச் சதுப்பு நிலத்தைக் கொத்துகிறவர். அவருக்குத் தோரோ உபதேசம் செய்கிறார்: டீ, காப்பி, வெண்ணெய், பால், கறி இதையெல்லாம் விட்டுவிட்டால் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. ஃபீல்டு பெருமூச்சு விடுகிறார். அவர் மனைவி இடுப்பில் கை வைத்து வெறித்துப் பார்க்கிறார். 'வால்டன்' பற்றி எழுதப்பட்ட எல்லா விமர்சனங்களையும்விட அந்தப் பார்வைதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. கூலிக்காரன் கையிலிருக்கும் டீ கிளாசைப் பிடுங்கித்தான் மன மேம்பாடு வர வேண்டுமா?

புத்தகத்தின் பின்பகுதியில், அங்கே முன்பு குடியிருந்தவர்களைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. கேட்டோ இங்ரகாம், சில்ஃபா, பிரிஸ்டர் ஃப்ரீமேன். எல்லோரும் கறுப்பர்கள்; கேட்டோவும் பிரிஸ்டரும் அடிமைகளாக இருந்தவர்கள் என்று தோரோவே சொல்கிறார். எலிஸ் லெமயர் 2009இல் வெளியிட்ட 'பிளாக் வால்டன்' என்ற ஆய்வு இதை இன்னும் விளக்குகிறது: விடுதலையான கறுப்பர்களுக்கு ஊர்க்காரர்கள் விட்டுவைத்தது, தங்களுக்கு உதவாத இந்தக் காட்டு நிலத்தைத்தான். ஊருக்கு வெளியே ஒதுக்கப்படுவது என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கேட்டோ தன் முதுமைக்கு உதவும் என்று அக்ரூட் மரங்களை வளர்த்தார். கடைசியில் ஒரு வெள்ளை வியாபாரிக்குத்தான் அவை போய்ச் சேர்ந்தன. சில்ஃபா நூல் நூற்று ஊராருக்குக் கொடுத்தார். காடே அதிரப் பாடினார். 1812ஆம் ஆண்டுப் போரின்போது ஆங்கிலேயப் போர்க் கைதிகள் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். நாயும் பூனையும் கோழிகளும் எரிந்துபோயின. பிரிஸ்டர் நட்ட ஆப்பிள் மரத்தின் பழத்தைத் தோரோ தின்றே பார்த்திருக்கிறார். மரம் வளர்ப்பு, எளிய உணவு, காட்டோடு வாழ்வு எல்லாம் இவர்களிடம் இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: வேண்டாம் என்று திரும்பிப் போக ஓர் ஊர்.

தோரோ நமக்கு எதிரி இல்லை. அடிமைமுறையை வைத்திருக்கும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று 1846இல் ஓர் இரவு சிறையில் இருந்தவர். தப்பியோடி வந்த அடிமைக்கு வடக்கே வழிகாட்டி அனுப்பியவர். ஊர் மறந்துவிட்ட இந்தப் பெயர்களை எழுதி வைத்தவரும் அவரே. ஆனால் அவர்களுடைய வாழ்வு அவருக்குப் பனிக்கால நினைவுகளாக நின்றுவிட்டது. அவருடைய இரண்டு ஆண்டுகள்தான் உலகத்துக்குத் தத்துவமாயிற்று. பின்னால் வந்த எளிய வாழ்வுப் புத்தகங்கள் அந்தத் தத்துவத்தை எடுத்துக்கொண்டு அத்தியாயத்தை விட்டுவிட்டன. கிராமம், இயற்கை என்று உருகியவர்களுக்கு அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பதில் சொல்ல வேண்டிவந்ததும் இப்படியொரு விடுபடலால்தான்.

அதற்காக இந்தப் புத்தகங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, தோழர்களே. மண்ணும் தண்ணீரும் கெட்டால் முதலில் சாகிறவர்கள் நாம். இயற்கையைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை யாருக்கு? 'வால்டனை' அந்த அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். இதே வகையில் வேறு எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும், இந்தக் குளக்கரையில் இவருக்கு முன்னால் யார் இருந்தார்கள், அவர்களை யார் வெரட்டி உட்டது என்று கேளுங்கள்.