ஹெரால்டும் வீட்டு வாசல் பட்டறையும்

பழைய காரின் ரேடியேட்டரையோ கிளட்ச் பிளேட்டையோ வீட்டிலேயே மாற்றிக்கொள்வது நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்தக் கார் என்று கேட்க வேண்டும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் தாராளமாகப் பேசலாம். சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான வண்டி இது. இன்று இதை வைத்திருப்பவர்களில் பலர் தாங்களே ஸ்பானரும் பிடிக்கிறார்கள். வண்டியின் அமைப்பே அவர்களை அப்படி இழுக்கிறது.

அந்த அமைப்பு ஒரு வியாபார நெருக்கடியில் பிறந்தது. 1950களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு பாடி செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ, போட்டியாளரான பிஎம்சியின் கைக்குப் போய்விட்டது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்துதர ஆள் இல்லை. எனவே சேசிஸைத் தனியாகப் போட்டு, இத்தாலியர் ஜியோவானி மிக்கெலாட்டி வடிவமைத்த உடலைப் பகுதி பகுதியாகச் செய்து போல்ட்டில் பூட்டினார்கள். அதன் பலனைத்தான் நாம் இன்று அனுபவிக்கிறோம். ஹெரால்டின் பானெட் இரண்டு பக்க மட்கார்டோடும் சேர்ந்து முன்னால் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்தபடியே வாட்டர் பம்பைக் கழற்றலாம். கியர் பாக்ஸை அடியில் இறக்க வேண்டியதில்லை. சீட்டை எடுத்துவிட்டு நடுவிலுள்ள மூடியைக் கழற்றினால், காருக்குள்ளேயே பின்னால் இழுத்துத் தூக்கிக் கதவு வழியாக வெளியே எடுத்துவிடலாம். லிஃப்ட் இல்லாத வீட்டில் இதைவிடப் பெரிய வசதி என்ன வேண்டும்?

ஆனால் வசதி இருப்பதாலேயே வீட்டு வேலை நல்ல வேலை ஆகிவிடாது. பட்டறைக்காரருக்கு இல்லாத ஒன்று வீட்டில் வேலை செய்பவருக்கு உண்டு: நேரம். அடுத்த வண்டி வாசலில் நிற்காது. அந்த நேரத்தைக் கழற்றுவதற்கு முன் கோளாறைக் கவனிக்கச் செலவிடுகிறாரா, கழற்றுவதற்கே செலவிடுகிறாரா என்பதில்தான் இந்தப் பழக்கத்தின் தரம் இருக்கிறது. என் பார்வையில் பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். வண்டி சூடாகிறதா, ரேடியேட்டரை மாற்று. இன்னும் சூடாகிறதா, பம்பை மாற்று. பிறகு ஹோஸ், பிறகு மூடி. கடைசியில் பார்த்தால் கோளாறு ஹெட் கேஸ்கட்டில் இருக்கும். ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை ஏற்றும்போது குமிழி விடாமல் வருகிறதா என்று முதல் நாளே பார்த்திருந்தால் இத்தனை செலவு மிச்சம்.

குளிர்விக்கும் பகுதியில் வீட்டு வேலையின் பலம் நன்றாகத் தெரியும் இடம் தெர்மோஸ்டாட். "அந்த வால்வைக் கழற்றி விட்டுடுங்க சார், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்பது இங்கே பல பட்டறைகளில் கேட்கும் வார்த்தை. அது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் வேலை செய்ய வேண்டிய சூட்டை எட்டவே நேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோல் கூடுதலாக எரியும், ஆயிலில் ஈரமும் கசடும் தங்கும், சிலிண்டர் வேகமாகத் தேயும். வீட்டில் இருப்பவர் இதை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரையும் போட்டு அடுப்பை ஏற்றினால் போதும். 82 டிகிரி என்று பொறித்த தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டை ஒட்டி மெல்ல வாய் திறக்கத் தொடங்கும். திறக்காவிட்டால் மாற்ற வேண்டும். திறந்தால் கோளாறை வேறு இடத்தில் தேட வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒதுக்க அவசரமான பட்டறையில் நேரம் இருப்பதில்லை.

ரேடியேட்டரும் அப்படியே. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, ஃபேன் நின்றதும் ரேடியேட்டரின் முகத்தில் மெல்லக் கை வைத்துப் பார்த்தால், அடைத்த குழாய்கள் இருக்கும் பகுதி மற்றதைவிடக் குளிர்ந்து நிற்கும். நம் ஊர் போர் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் உப்புப் படிவு ரேடியேட்டரோடு நிற்பதில்லை. எஞ்சின் பிளாக்கின் பின்பக்கத்தில் சேறாகத் தங்கிவிடும். பிளாக்கிலுள்ள வடிகுழாயைத் திறந்தால் பல வண்டிகளில் ஒரு சொட்டும் வராது. குழாயையே கழற்றிவிட்டு, துளைக்குள் கம்பியை விட்டுக் குத்திக் கிளறினால்தான் காப்பிப் பொடி நிறத்தில் கசடு கொட்டும். இதைச் செய்யாமல் புது ரேடியேட்டர் போடுகிறவர், பழைய சேற்றைப் புதிய குழாய்களுக்குள் அனுப்பிவைக்கிறார். சுத்தம் செய்தபின் காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ட் கலந்து ஊற்ற வேண்டும். கூலன்ட் விஷம், இனிப்பாக இருப்பதால் நாயோ குழந்தையோ வாய் வைத்துவிடும். வாசலில் வடியவிட்டுத் தெருவில் ஓடவிடுவது பொறுக்க முடியாத செயல்.

அதிக அழுத்த மூடி இன்னொரு ஆபத்து. அந்தக் காலத்து ரேடியேட்டர் மூடிகள் ஏழு பவுண்டு அளவில் இருந்தவை. அந்த அழுத்தமே நீரின் கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்திவிடும். கடையில் கிடைக்கிறதே என்று இக்காலத்து 15 பவுண்டு மூடியைப் போட்டால், அறுபது வயதான ஈயப் பற்றுகளும் ஹோஸ்களும்தான் விலை கொடுக்கும்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெரால்டின் நட்டும் போல்ட்டும் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். வீட்டிலிருக்கும் 13 ஸ்பானர் அதில் உட்காரும், திரும்பவும் செய்யும். துருவேறிய போல்ட் வந்ததும் வழுக்கித் தலையை உருண்டையாக்கிவிடும். வாட்டர் பம்பில் ஒரு போல்ட் முறிந்தால் ஒரு மணி நேர வேலை ஒரு வாரம் இழுக்கும். சென்னைப் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ அலைந்து உதிரிபாகம் தேடுகிற உற்சாகத்தில், அங்குல ஸ்பானர் செட்டை முதலில் வாங்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

கிளட்ச் பக்கம் வந்தால் கணக்கு மாறுகிறது. ஹெரால்டு எஞ்சினுக்கு ஒரு பிறவிப் பலவீனம் உண்டு. கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தாங்குவது பின் மெயின் பேரிங்கில் உள்ள அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் அவற்றின்மேல் விழுகிறது. தேய்ந்துபோனால் கழன்று ஆயில் சம்ப்பில் விழும். பிறகு கிராங்க் பிளாக்கையே அரைக்கும். இதைக் கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது ஒருவர் கிளட்சை மிதித்து விட, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார்த்தால் போதும். கண்ணுக்குத் தெரியும்படி புல்லி முன்னும் பின்னும் போய்வந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது. இதைப் பார்க்காமல் புது கிளட்ச் பிளேட் போடுகிறவர் வேலையைப் பாதியில் விட்டவர்தான். வாஷரை மாற்ற எஞ்சினை இறக்க வேண்டியதும் இல்லை. சம்ப்பைக் கழற்றி, பின் மெயின் கேப்பை எடுத்தால் மாற்றிவிடலாம்.

கியர் பாக்ஸை எடுப்பதும் பூட்டுவதும் பொறுமையான இரண்டு பேருக்கு வீட்டில் முடிகிற வேலைதான். பூட்டும்போது அதன் கனம் முழுவதும் ஷாஃப்ட் வழியாக கிளட்ச் பிளேட்டில் தொங்கக்கூடாது. தொங்கினால் புது பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். அதைவிடக் கவலை தருவது தூசி. அந்தக் காலத்துக் கிளட்ச் லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். பெல் ஹவுசிங்கைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது நம் ஊரில் அனிச்சையான வழக்கம். வீட்டில் அப்படிச் செய்தால் அந்தத் தூசி பக்கத்து அறைவரை போகும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டித்தான் அப்புறப்படுத்த வேண்டும். வீட்டு வேலையின் குறைகளில் இதையே நான் முதலில் வைப்பேன். வண்டியின் கோளாறு வண்டியோடு போகும். இது வீட்டிலுள்ளவர்களின் நுரையீரலுக்குப் போகிறது.

கியர் பாக்ஸை எடுப்பது வேறு, திறப்பது வேறு. உள்ளே ஊசி ரோலர்களும் சிங்க்ரோ வளையங்களும் அளவுக்கு அளவு பொருந்த வேண்டியவை. அதற்கு அனுபவப்பட்ட கையும் பிரஸ்ஸும் தேவை. வீட்டில் செய்யக்கூடியது சரியான ஆயில் ஊற்றுவது. ஆயில் கடையில் சுலபமாகக் கிடைப்பது ஜிஎல்-5. அதிலுள்ள கந்தகச் சேர்மானங்கள் பித்தளை, வெண்கல வளையங்களை அரிக்கக்கூடியவை. பழைய கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று கேட்டு வாங்க வேண்டும்.

பின் சக்கர ஹப் இந்த வண்டியில் வீட்டு வேலையின் எல்லை. ஆக்சில் ஷாஃப்டின் கூம்பு முனையில் இறுகிப் பிடித்திருக்கும் அதை, அதற்கென்றே செய்த கனமான புல்லர் இல்லாமல் எடுக்க முடியாது. சுத்தியலால் அடித்தால் ஷாஃப்டின் நுனி விரிந்து, மரை பாழாகி, ஷாஃப்டே வீணாகும். இங்கேயும் ஹெரால்டின் அமைப்பு கைகொடுக்கிறது. டிஃபரன்ஷியல் பக்கமுள்ள ஜாயிண்டில் போல்ட்டுகளை எடுத்து, ஷாஃப்டை ஹப்போடு சேர்த்து ஒரே துண்டாகக் கழற்றிவிடலாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் புல்லர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போய் பேரிங்கை மாற்றி வாங்கி வந்து, மீண்டும் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம்.