ஸ்டிங் பார்த்த பிரசவம்

போதையில் கண்டதை விவரிப்பதும் நேற்றிரவு கண்ட கனவை விவரிப்பதும் ஒன்றுதான், சொல்கிறவருக்குத்தான் சுவாரஸ்யம். பிரபலங்கள் தங்கள் போதை அனுபவங்களை (‘ட்ரிப்’) சொல்லும், டானிக் கேரி இயக்கிய ‘ஹேவ் எ குட் ட்ரிப்’ ஆவணப்படம் 2020 மே மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, சிரிக்க வைக்கிறது ஆனால் மேலோட்டம், ஆபத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்கிற மாதிரி கலவையான வரவேற்புதான். கொரோனா ஊரடங்கில் ஹைதராபாத் அல்வால் வீட்டில் அடைந்து கிடந்து பார்த்த எனக்கு அது கதைசொல்லிகளின் படமாகவே பட்டது.

பாடகர் ஸ்டிங் தன் பண்ணையில் பெயோட்டி என்ற கள்ளியை உட்கொண்டிருக்கிறார். போதை ஏறுகிற நேரம் பார்த்துப் பசு ஒன்று கன்று ஈன முடியாமல் தவிக்கிறது. கை கொடுக்க ஆள் வேண்டும். போய்ப் பிரசவம் பார்க்கிறார். வானத்தில் வண்ணங்கள் சுழன்ற கதையை யாரும் சொல்லிவிடலாம். இங்கே ஒரு பசு இருக்கிறது, வலி இருக்கிறது, அவசரம் இருக்கிறது. அதனால்தான் கதை நிற்கிறது. நடிகர் பென் ஸ்டில்லர் கதையிலும் அப்படித்தான்: மருந்து உள்ளே போனதும் பயம் பிடித்துக்கொள்ள, அம்மா அப்பாவுக்கு போன் போடுகிறார். படம் வெளியான அதே மே 11 அன்று அவருடைய அப்பா, நகைச்சுவை நடிகர் ஜெர்ரி ஸ்டில்லர், 92 வயதில் காலமானார். அது தெரிந்த பிறகு அந்தக் காட்சிக்குப் பழையபடி சிரிக்க வரவில்லை. இதில் பேசும் நடிகை கேரி ஃபிஷரும் சமையல் கலைஞர் அந்தோணி போர்டேனும் படம் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள்.

கார்ட்டூனும் நடித்துக்காட்டலும் கலந்து கொடுத்த விதம் அழகு. எண்பதுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த போதை எச்சரிக்கைப் படங்களை நடிகர் ஆடம் ஸ்காட் கேலி செய்யும் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது.

விமர்சகர்களின் குறை வேறோர் இடத்தில் சரி. புற்றுநோய் முற்றியவர்களின் மனப்பதற்றத்துக்கு, போதைக் காளான்களில் உள்ள சிலோசைபின் கொடுத்து ஆராய்ந்த மனநல மருத்துவர் சார்லஸ் கிராப் (12 பேரிடம் செய்த அந்த ஆய்வு 2011-இல் வெளியானது) படத்தில் இருக்கிறார். இருந்தும் ஒட்டாமல் வந்து போகிறார். அவரை உட்காரவைத்துப் பேசவிட்டிருக்கலாம்.

இன்னொன்று. தப்பிப் பிழைத்து, பேரும் புகழும் பெற்றவர்கள்தான் கேமரா முன் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். இங்கே நிலைமை வேறு. 2017 ஜூலையில் தொடங்கி எங்கள் ஊர் நாம்பள்ளியில் உள்ள கலால் துறை அலுவலகமான ஆப்காரி பவனில், எல்.எஸ்.டி. என்ற போதை மருந்து சம்பந்தப்பட்ட வழக்குக்காகத் தெலுங்குத் திரையுலகினர் 12 பேரை ஒருவர் பின் ஒருவராக விசாரித்தார்கள். வாசலில் சேனல் கேமராக்கள் நாள் முழுக்கக் காத்துக் கிடந்தன. இந்தியாவில் அந்த மருந்து 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிரபலங்களுக்கு ‘ட்ரிப்’ அனுபவமே இருந்தாலும் அதை நகைச்சுவையாகச் சொல்ல எந்த வக்கீலும் விடமாட்டார்.