முகூர்த்த நேரத்தில் எஸ்ஆர்டி தாங்குமா?

கல்யாண நேரலையில் வரவேற்பு கொஞ்சம் விட்டுப்போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தாலி கட்டும்போது படம் உறைந்துபோனால், துபாயில் லீவு கிடைக்காமல் போனில் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாமன் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். நேரலைப் படத்தை நெட்வொர்க் வழியே அனுப்பும் முறையான எஸ்ஆர்டியை (SRT) அந்த அரை நிமிடத்தை மனதில் வைத்துத்தான் சோதித்தேன்.

மணமேடை அருகே ஸ்டாண்டில் ஓர் ஆண்ட்ராய்டு போன், அதில் லாரிக்ஸ் பிராட்காஸ்டர் செயலி. மண்டபத்தின் ஓரத்தில் லேப்டாப், அதில் ஓபிஎஸ் ஸ்டுடியோ. போனிலிருந்து லேப்டாப்புக்கு வைஃபை வழியே எஸ்ஆர்டி. அங்கிருந்து யூடியூபுக்கு வழக்கமான ஆர்டிஎம்பி.

ஃபிளாஷ் காலத்து ஆர்டிஎம்பி, டிசிபி மேல் ஓடுவது. ஒரு பாக்கெட் தொலைந்தால், அது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவை அத்தனையும் காத்துக்கிடக்கும். ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி 2017-இல் திறந்த மூலமாக வெளியிட்ட எஸ்ஆர்டி, யுடிபி மேல் ஓடுகிறது. தொலைந்ததை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும், அதுவும் நாம் வைத்த கெடுவுக்குள். கெடு தாண்டினால் அதை விட்டுவிட்டு மேலே போய்விடும்.

அந்தக் கெடுவில்தான் எல்லாம் இருக்கிறது. இயல்பாக வருவது 120 மில்லிவினாடி. நெரிசலான வைஃபையில் இது போதாது; அட்சதை பறந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பறக்கும் ஒவ்வொரு அரிசியும் என்கோடருக்குப் புது வேலை, அந்த நொடியில் டேட்டா எகிறுகிறது. 500-க்கு ஏற்றியதும் படம் சுத்தம். ஒரு எச்சரிக்கை: லாரிக்ஸில் கெடுவை மில்லிவினாடியில் எழுத வேண்டும், ஓபிஎஸ் முகவரியிலோ மைக்ரோவினாடியில். அங்கே 500 என்று போட்டால் அரை மில்லிவினாடிதான். 5,00,000 என்று எழுத வேண்டும். இப்படி ஏன் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

ஒலிக்குப் போன் மைக் உதவாது. கெட்டிமேளம் கொட்டியதும் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து கரகரப்பாகிவிடும். மைக்செட்காரரிடம் கேட்டு அவருடைய மிக்சரிலிருந்து ஒரு லைன் வாங்கி லேப்டாப்பில் கொடுப்பதே நல்லது. அப்போது ஒலி முந்திக்கொண்டு வரும், படம் பின்தங்கும். ஓபிஎஸ்ஸின் ஆடியோ அமைப்பில் ஒலியைத் தாமதப்படுத்தும் வசதி இருக்கிறது. தவில் குச்சி தோலில் படுவதைப் பார்த்துக்கொண்டே எண்ணை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம்.

போனும் லேப்டாப்பும் ஒரே மண்டபத்தில் இருக்கும்வரை வம்பில்லை. எடிட்டர் வேறு ஊரில் உட்கார்ந்து வாங்க வேண்டுமென்றால், இரு முனையில் ஒன்றுக்காவது வெளியிலிருந்து எட்டக்கூடிய ஐபி முகவரி வேண்டும். சாதாரண மொபைல் இணைப்பில் அது பெரும்பாலும் கிடைக்காது.

ஒரே போனை வைத்து எடுப்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, யூடியூப் செயலியே போதும். இரண்டு, மூன்று போன்களைக் கேமராவாக வைத்து மாற்றி மாற்றிக் காட்டும் சிறிய ஸ்டுடியோக்காரர்கள் தயங்காமல் எஸ்ஆர்டிக்கு மாறலாம். மண்டபத்து வைஃபையை மட்டும் நம்பாதீர்கள். சொந்தமாக ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டரைக் கொண்டுபோய், லேப்டாப்பை அதில் கேபிளால் இணையுங்கள். போனைச் சார்ஜரில் செருகி, அழைப்பு வராதபடி செய்துவிட்டு மேடை அருகே வையுங்கள்.