பெண்ணுக்குப் பறவை, ஆணுக்கு வாகனம்

திருவண்ணாமலைக் கோயிலில் ராஜகோபுரத்தையும் வல்லாள மகாராஜா கோபுரத்தையும் கடந்து உள்ளே போனால் கிளி கோபுரம். அரசனுக்காகப் பாரிஜாத மலர் கொண்டுவர அருணகிரிநாதர் கிளியுடலில் புகுந்து சென்றார். திரும்புவதற்குள் அவரைப் பகைத்த சம்பந்தாண்டான் அவருடைய மனித உடலை எரித்துவிட்டான். அவர் கிளியாகவே இங்கே தங்கிப் பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இதே மலையின் தலபுராணத்தில் அடிமுடி தேடிய பிரமன் அன்னமாகப் பறக்கிறான். இரண்டிலும் பறவையானது ஆண். ஆனால் இவ்வூரில் பையன்களுக்குக் கிடைப்பது அருணகிரி, அண்ணாமலை, அருணாசலம். கிளியும் அன்னமும் கிளியம்மாள், அன்னம், அன்னக்கிளி, அஞ்சுகம் என்று பெண்களிடம் போய்ச் சேர்கின்றன. பொய் சொல்லிச் சாபம் வாங்கிய அன்னத்தின் பெயரை மகனுக்கு யார் வைப்பார் என்று கேட்கலாம். அப்படியானால் மகளுக்கு மட்டும் எப்படி வைத்தார்கள்? கிளி எந்தப் பழியும் சுமக்கவில்லையே! அன்னம் என்ற பெயரில் அன்னபூரணியின் சோறும் கலந்திருக்கலாம் என்பது உண்மை. அந்த விளக்கம் அன்னக்கிளிக்கும் அம்சவேணிக்கும் உதவாது.

தமிழ்ப் பெயர் மரபு பறவையை ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு விதமாகக் கொடுக்கிறது என்பதே என் வாதம். ஆண் பறவையை உடைமையாக வைத்திருப்பவன். பெண்ணோ பறவையே ஆகிவிடுகிறாள். மயில்வாகனன், மயிலேறும்பெருமாள், சேவற்கொடியோன் ஆகிய பெயர்களில் பறவைக்கு மேலே ஒருவன் இருக்கிறான், அல்லது அதைக் கொடியில் ஏந்துகிறான். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். கொங்கு நாட்டின் மயில்சாமி என்ற பெயரும் முருகனைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது. சேலத்துச் சுகவனத்தைக் கிளியின் பெயர் என்று சொல்வது கடினம். அங்குள்ள சுகவனேசுவரரின் தலத்துப் பெயர் அது. பெண் பெயருக்கு இந்த ஏணி வேண்டியதில்லை. 1976இல் வந்த ‘அன்னக்கிளி’யின் நாயகி அன்னக்கிளிதான், அடுத்த ஆண்டு ‘16 வயதினிலே’ படத்தில் மயில் நேரடியாகவே மயில்.

வேடிக்கை என்னவென்றால், பெண்ணுக்குப் பெயராகும்போது நாம் மெச்சும் அழகெல்லாம் ஆண் பறவையினுடையது. தோகை ஆண்மயிலுக்கு. கூவிக் கூவி ஊரை எழுப்புவது கரிய ஆண்குயில். பெண்குயில் புள்ளி போட்ட பழுப்பு நிறம், அதன் குரல் கரகரப்பானது. செந்நிறக் கழுத்து வளையமும் ஆண்கிளிக்கே. கோகிலா என்று பெயரிட்டவர்கள் தோப்பில் பறவையைப் பார்த்து வைத்ததாகத் தெரியவில்லை. சாயலுக்கு மயில், நடைக்கு அன்னம், மொழிக்குக் கிளி, குரலுக்குக் குயில் என்று பெண்ணை அங்கம் அங்கமாக வருணித்த கவிதை மரபிலிருந்தே இவை தொட்டிலுக்கு வந்திருக்கின்றன. வருணனையில் இடம் கிடைக்காத பறவைகளுக்குப் பெயர்ப் பட்டியலிலும் இடமில்லை. ரமணாசிரமத்தில் சமாதி கண்ட பசு லட்சுமி, மான் வள்ளி, நாய் ஜாக்கி. அவற்றோடு அடக்கமான காக்கை வெறும் காக்கைதான்.

சங்கப் புலவர் வரிசையில் காக்கைபாடினியாரும் கூகைக்கோழியாரும் இருக்கிறார்களே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் இவை பெற்றோர் இட்டவையல்ல. பாட்டில் பாடிய பறவையால் அமைந்த பெயர்கள். ஆணுக்கு வேட்டைப் பறவை பொருந்துமே என்றால், துருக்கியிலும் பாரசீகத்திலும் ராஜாளியைக் குறிக்கும் ஷாஹின் ஆணுக்கு வழங்குகிறது. எபிரேயத்தில் புறாவைக் குறிக்கும் யோனாவும் ஆணுக்கு வழங்குகிறது. தமிழில் பருந்தும் வல்லூறும் அப்படி வரவில்லை. கழுகாசலம் கழுகுமலை முருகனின் பெயர். ஆக இது உலகப் பொது வழக்கமல்ல, நம் மரபின் தேர்வு.

இதைவிட வலுவான மறுப்பு இரண்டு. வேலு நாச்சியாரின் படையில் தீப்பாய்ந்தவளாகச் சொல்லப்படும் குயிலியை நினைத்து இன்று மகளுக்குப் பெயர் வைப்போர், குரலினிமையை அல்ல, வீரத்தை நினைக்கிறார்கள். இங்கே என் வாதம் தளர்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொன்று ஈழத் தமிழரிடையே பரவலான மயூரன். ஏறுபவன் யாருமில்லாமல் பையனே மயிலாகும் பெயர் இது. முருகன் பெயராகவே கருதி வைக்கிறார்கள் என்று பதில் சொல்லலாம். ஆனால் அதே வீட்டில் தங்கை மயூரியாக இருந்தால் அந்தப் பதில் அவ்வளவாக நிற்காது.