கட்டணக் கணிப்பும் முத்துப்பாரும்

"அடுத்த மாதம் டிஷ் கட்டணம் ஏறும், இந்தத் தொகுப்பிலிருந்து இரண்டு அலைவரிசைகளை எடுத்துவிடுவார்கள்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது கணிப்பா, ஆரூடமா? பிரித்தறிய ஓர் உரைகல் தூத்துக்குடிக் கடலிலேயே இருக்கிறது.

அங்கே முத்துக்குளிப்பு நடத்தலாமா என்பதை வாய்ச்சொல்லால் முடிவு செய்யவில்லை. முத்துப்பார்களில் சிப்பிகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன, எவ்வளவு வளர்ந்துள்ளன என்று ஆராய்ந்தார்கள். மாதிரிச் சிப்பிகளைத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டார்கள். அதன் பின்னரே குளிப்பு அறிவிக்கப்பட்டது. அப்படியும் நீரோட்டமோ, மணலோ, சிப்பி தின்னும் மீன்களோ குறுக்கிட, எதிர்பார்ப்பு பொய்த்ததுண்டு. கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. ஆயினும் அம்முறையில் பிழை எங்கே நேர்ந்தது என்று தேட வழி இருந்தது. அதுவே கணிப்பின் இலக்கணம்.

இந்த உரைகல்லில் இரண்டு கூற்றுகளை உரைத்துப் பார்ப்போம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நூறு அலைவரிசைகளுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். வரியுடன் 153 ரூபாய் 40 காசு. கட்டண அலைவரிசைகளில் விரும்பியவற்றுக்கு மட்டும் தனியே பணம் தந்தால் போதும். ஆகவே செலவு குறையும் என்று ஆணையம் எதிர்பார்த்தது. கிரிசில் நிறுவனமோ, முன்னணி ஐந்து அலைவரிசைகள் வரை எடுப்போருக்குச் செலவு குறையும், பத்து எடுப்போருக்கு 230–240 ரூபாயிலிருந்து சுமார் 300 ரூபாயாக உயரக்கூடும் என்றது.

இவற்றுள் கிரிசிலின் கூற்றே கணிப்பு என்னும் பெயருக்குத் தகுதியுடையது. யாருக்கு, எவ்வளவு என்று வரையறுத்துச் சொன்னதால், கட்டணச் சீட்டைக் கொண்டே அதைச் சரிபார்க்கலாம். ஆணையத்தின் எதிர்பார்ப்பில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தது. விலை வைப்போர் என்ன செய்வார்கள் என்பதே அது. தலா 19 ரூபாய் விலையுள்ள ஐந்து அலைவரிசைகள் தனித்தனியே 95 ரூபாய். 70 விழுக்காடு தள்ளுபடியில் தொகுப்பாக அவை 28 ரூபாய் 50 காசுதான். இரண்டு மட்டும் வேண்டியவர் 38 ரூபாய் கொடுப்பாரா, தொகுப்பை வாங்குவாரா? தள்ளுபடி 70 விழுக்காடு வரை போனதை 2019 ஆகஸ்டில் ஆணையமே சுட்டிக்காட்டியது. சிப்பியை எண்ணியவர்கள் அதைத் தின்னும் மீனை எண்ணவில்லை!

விதிகளும் நிலையானவை அல்ல. தொகுப்பில் சேரும் அலைவரிசையின் விலை உச்சவரம்பு 2020-இல் 12 ரூபாயாக்கப்பட்டு, 2022 நவம்பரில் மீண்டும் 19 ஆனது. ஒளிபரப்பாளர் தரும் தொகுப்புத் தள்ளுபடிக்கு 45 விழுக்காடு வரம்பும் வந்தது. 2024 ஜூலையில் அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பே நீக்கப்பட்டது. வானமும் குறுக்கிடும்: 2010 ஜூலை 7-இல் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரிய மின்னமைப்பு பழுதுபட்டதும், சன் டைரக்ட் சேவையில் பல அலைவரிசைகள் நின்றுபோயின. எந்தக் கட்டண வாய்பாடும் அதை முன்னறிவித்திருக்காது.

ஆகவே, இனி யாரேனும் கட்டணம் ஏறும் என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த விதியை வைத்துச் சொல்கிறீர்? எந்தத் தொகுப்புக்கு, எத்தனை ரூபாய்? எந்தத் தேதிக்குள்? விடையைக் குறிப்பேட்டில் எழுதி, அந்தத் தேதியில் உங்கள் வீட்டுக் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். ஒப்பிட இடம் தராத சொல், திறக்காத சிப்பியை முத்தென்று விற்பதற்கு ஒப்பாகும்.